கெலவரப்பள்ளியில் அப்பா பார்த்த நுரை

கார் நின்றதும் முதலில் இறங்கியது அப்பாதான். எதிரே பாலம் இருக்க வேண்டும். பாலத்தைக் காணோம். ரோட்டின் குறுக்கே வெள்ளையாக ஒன்று ஓட்டு வீட்டு உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. காற்று அடித்தபோது அது மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு மெல்ல நிமிர்ந்தது. அதிலிருந்து பிய்ந்த துண்டுகள் பறந்து வந்து கார் கண்ணாடியில் ஒட்டின.

"தாயி, இது என்னது?" என்றார் அப்பா.

நானும் அன்றைக்குத்தான் முதலில் பார்க்கிறேன். ஓசூருக்கு வேலைக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆற்றில் நுரை வரும் என்று கேன்டீனில் பேசக் கேட்டிருக்கிறேன். துணி துவைத்தால் வாளியில் நிற்குமே, அந்த அளவுக்குத்தான் நினைத்திருந்தேன். ஒரு பாலத்தையே மூடும் என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

அவன் பெயர் முனிராஜ். கம்பெனியில் என்னோடு ஒரே லைனில் வேலை, ஒரே வயது, அதனால் அவன் இவன்தான். அன்றைக்கு அப்பா கோவில்பட்டியிலிருந்து வந்ததே அவன் வீட்டைப் பார்க்கத்தான். மனசுக்குப் பிடித்தால் அங்கே சாப்பிடுவார். பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளை வீட்டில் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. சாப்பிடாமல் எழுந்தால் சாயங்கால பஸ்ஸில் நானும் பெட்டியோடு அவருடன் ஊருக்குக் கிளம்ப வேண்டும். வேலையும் வேண்டாம், ஓசூரும் வேண்டாம். போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தார்.

பார்க்க ஒன்றும் இல்லாத ஊர்

இந்தத் தொடரைப் படிக்கிற வாசகர் ஒருவர், "உங்கள் ஓசூரில் சுற்றிப் பார்க்க என்னதான் இருக்கிறது?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஓசூர்க்காரர்களையே கேட்டுப் பாருங்கள், பெங்களூரைச் சொல்வார்கள். தெற்கேயிருந்து சொந்தக்காரர் வந்து இறங்கினால் ஒரு டீயைக் கையில் கொடுத்து, அடுத்த பஸ்ஸில் லால்பாக்குக்கு ஏற்றிவிடுவதுதான் எங்கள் விருந்தோம்பல். நம் ஊரில் என்ன கிடக்கிறது, கம்பெனி காம்பவுண்டும் ஷிப்டு பஸ்ஸும்தானே என்று எங்களுக்கே ஓர் இளக்காரம். நானும் என் அக்காவை, சித்தியை, சித்தி மகளை எல்லாம் அப்படித்தான் எல்லை தாண்டிக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் லைனில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், மிச்சத்தில் கொஞ்சம் பேர் கன்னடம். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியக் கூடாத சங்கதி என்றால், குரலைக் குறைக்க மாட்டார்கள், பாஷையை மாற்றிக்கொள்வார்கள். எதிரே நிற்பவன் தெற்கத்தி ஆள் என்றால் தெலுங்குக்குத் தாவிவிடுவார்கள். அவனுக்கு எங்கே புரியப்போகிறது என்ற தைரியம். வந்த புதிதில் என்னை வைத்துக்கொண்டே என்னைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறார்கள். ஒரு வருடத்தில் நான் பாதியைப் பிடித்துக்கொண்டேன் என்பது அவர்களுக்கு ரொம்ப நாள் தெரியாது.

இனி அப்பா. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். மதியம் அளவுச் சாப்பாடு, சாயங்காலம் பரோட்டா. அவரை ஒரு காட்சியைக் காட்டி அசத்துவது என்பது நடக்காத காரியம். கன்னியாகுமரியில் சூரியோதயம் பார்க்க எங்களைக் கூட்டிப்போனார். எல்லோரும் வாயைப் பிளந்து நிற்கையில், "நம்ம கடை வாசல்லயும் இதே சூரியன்தான உதிக்கு" என்றார். கொடைக்கானலில் இறங்கியதும், "குளிருது. வேற என்ன இருக்கு?" என்று கேட்டார். குற்றாலம் போனபோது சீசன் பொய்த்து, பாறை மட்டும் நின்றது. அதுதான் அவருக்குப் பிடித்தது. "இது பரவால்ல, கூட்டம் இல்ல" என்று துண்டை விரித்துப் படுத்துவிட்டார்.

இப்பேர்ப்பட்ட மனிதரிடம் முனிராஜ் வீட்டை எப்படிக் காட்டிக் கரை சேர்வது என்று நாங்கள் இருவரும் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். காலையில் பெங்களூரைக் காட்டி மனிதரைக் குளிரவைத்து, மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கொண்டுபோவது என்று முடிவானது. முனிராஜ் நண்பனிடம் கார் இரவல் வாங்கினான்.

ஜூஜூவாடியோடு சரி

அன்றைக்கென்று எல்லையில் தகராறு. தண்ணீர்ப் பிரச்சினை என்று எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் மறியல். தமிழ்நாட்டு நம்பர் வண்டி ஒன்றையும் உள்ளே விடவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் ஜூஜூவாடியிலேயே போலீஸ் எங்களைத் திருப்பிவிட்டது. திரும்பினால் ரோடு முழுக்க லாரி. ஆளுக்கொரு பக்கம் மூக்கை நுழைத்து அப்படியே நின்றுவிட்டிருந்தன.

"இதான் பெங்களூரா?" என்றார் அப்பா, ஒரு கன்டெய்னர் லாரியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே.

"இல்லைங்க சார், இன்னும் பார்டரே தாண்டல" என்றான் முனிராஜ். மாமா என்று கூப்பிடத் துணிச்சல் இல்லாமல் காலையிலிருந்து சார் போட்டுக்கொண்டிருந்தான். "மலைக்கோயில் ஒண்ணு இருக்குதுங்க சார். மேலருந்து பார்த்தா ஊரே தெரியும்."

"கோயில் எங்க ஊர்ல இல்லையா? வீட்டைப் பாப்போம் தம்பி. பன்னெண்டு மணிக்கு எமகண்டம் பொறந்துரும். அதுக்கு முன்ன உங்க வாசல்ல கால வைக்கணும்."

முனிராஜ் என்னைப் பார்த்தான். முகம் சரியில்லை. "சுத்திப் போயிடலாங்க சார்" என்றான். சுற்றிப் போனால் மதியம் தாண்டிவிடும் என்பது எனக்கே தெரிந்தது. "கெலவரப்பள்ளி ஆத்துப் பாலம் வழியா போனா பக்கந்தான" என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். அவன் வண்டியைத் திருப்பினான்.

போகிற வழியெல்லாம் தோட்டம். வெள்ளைத் துணிக் கூரை போட்ட ரோஜாப்பூக் கொட்டகைகள், அதை அடுத்துத் தக்காளி, அப்புறம் கண்ணுக்கெட்டிய வரை முட்டைகோஸ். அப்பா முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓசூர்க் கோஸ் என்றால் அவருக்கு உயிர். கெட்டி கெட்டியாக இறுக்கமாக இருக்கும், வெயில் நாளிலும் வாடாது, மார்க்கெட்டில் கையால் தட்டிப் பார்த்தே எடுப்பார். அவர் கடையில் கோஸ் பொரியல் இல்லாத இலை கிடையாது.

"இங்கயிருந்துதான் நமக்கு வருதா?" என்று ஜன்னலை இறக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் குரலில் சந்தோஷம் இருந்தது. எனக்குப் பாதி உயிர் வந்தது.

அடுத்த வளைவில்தான் அந்த வெள்ளை.

அப்பா வாயடைத்த இடம்

இறங்கி நடந்தார். நானும் ஓடினேன். கிட்டே போகப் போக நெடி மூக்கில் ஏறியது. சோப்பும் சாக்கடையும் கலந்த ஒரு வாடை, தொண்டை கரகரத்தது. ஆறு எங்கே என்றே தெரியவில்லை. கரையிலிருந்து கரைக்கு நுரை. மழை பெய்து தண்ணீர் அதிகம் வந்திருந்த நாள். பாலத்தடியில் தண்ணீர் விழுகிற இடத்தில் பொங்கிப் பொங்கி மேலே ஏறியது. வெயில் பட்ட இடத்தில் லேசாக நீலமும் ரோஸும் ஓடியது. ரசிக்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் ரசித்தேன், அவ்வளவு அழகாக இருந்தது. சிலர் அதன் முன்னால் நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா கையோடு கொண்டுவந்த குடையின் நுனியை உள்ளே விட்டார். பிடி வரை போயிற்று. வெளியே எடுத்தபோது கம்பி நனைந்திருந்தது, அவ்வளவுதான். உள்ளே ஒன்றும் இல்லை.

"யாத்தே" என்றார், வாய்க்குள்ளேயே. கன்னியாகுமரிக்கும் கொடைக்கானலுக்கும் அசையாத மனிதர் அப்படியே நின்றுவிட்டார்.

அந்த நேரம் நுரைக்குள்ளிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. வெள்ளை கிழிந்து ஒரு டெம்போ வெளியே வந்தது. தலை, பக்கம் எல்லாம் நுரை. டிரைவர் வைப்பரைப் போட்டுவிட்டுப் பழக்கப்பட்டவராக எங்களைத் தாண்டிப் போனார். பின்னால் தார்ப்பாய் விலகின இடத்தில் கோஸ் அடுக்கியிருந்தது. அதன் மேலும் நுரை ஒட்டியிருந்தது.

அப்பா டெம்போ மறைகிற வரை பார்த்தார். பிறகு முனிராஜிடம் திரும்பினார்.

"இந்தத் தண்ணி எங்க தம்பி போகுது?"

"டேமுக்குங்க சார்."

"டேம்லருந்து?"

"கால்வாய்க்குங்க. கால்வாயிலருந்து வயலுக்கு."

"எங்கருந்து வருது?"

"மேலருந்துங்க சார். பெங்களூர்ப் பக்கம் இருந்து."

"தண்ணி தர மாட்டோம்னு அங்கன மறிக்காங்க. இங்கன தந்துட்டுத்தான இருக்காங்க" என்றார் அப்பா.

"அது வேற ஆறுங்க சார்" என்று முனிராஜ் விளக்கப் போனான். நான் முறைத்ததும் நிறுத்திக்கொண்டான். எனக்கு அவன் மேல் அப்படியொரு ஆத்திரம். இத்தனை நாள் பழகியவன், ஆறு அணை வயல் என்று வாய் ஓயாமல் பெருமை பேசியவன், இதை மட்டும் மறைத்திருக்கிறான். அப்பா காருக்குப் போன பிறகு, "ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னா வருவியா?" என்றான்.

இலை

அந்த டெம்போ மாதிரியே நுரைக்குள் புகுந்து அக்கரை போய்ச் சேர்ந்தபோது, அவன் வீட்டு வாசலில் கோலம் போட்டுக் காத்திருந்தார்கள். அவன் அப்பா திம்மராயப்பா, நெடுநெடுவென்று உயரமான விவசாயி. வெள்ளைச் சட்டை இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது. அம்மா கௌரம்மா, பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடையாய் நடந்தார். "வாங்கணா, வாங்க. வழி நல்லா இருந்துச்சுங்களா?" என்றார்.

"பார்த்தோம்" என்றார் அப்பா. கணவனும் மனைவியும் மகனைப் பார்த்தார்கள். மகன் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டான்.

காபி வந்தது. அப்பா தொடவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார். வயலைக் காட்டுகிறேன் என்று திம்மராயப்பா எழுந்ததும், "இங்கயிருந்தே தெரியுதே" என்றார். தெரிந்தது. வீட்டுக்குப் பின்னால் கால்வாய் வரைக்கும் கோஸ், அறுப்புக்குத் தயாராக நின்றது. கிணற்றடியில் தனியாக வேலி கட்டி ஒரு சின்னப் பாத்தி, அதிலும் கோஸ், கொஞ்சம் கீரை, அவரை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருவழியாக இலைக்கு உட்கார்ந்தார். உட்கார்ந்ததே பெரிது என்று நினைத்துக்கொண்டேன். கேழ்வரகுக் களி, கீரை மசியல், அவரைக்காய்க் குழம்பு, சோறு, அப்பளம். ஓரத்தில் கோஸ் பொரியல். அப்பாவின் கை இலைக்குப் போகவில்லை. பொரியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திம்மராயப்பாவுக்குப் புரிந்துவிட்டது. பாலத்தைப் பார்த்துவிட்டு வந்த ஆள், பயப்படுகிறார். மனைவி பக்கம் திரும்பித் தெலுங்கில் கேட்டார், இந்தக் கோஸ் எதிலிருந்து எடுத்தது என்று. கௌரம்மாவும் சாதாரணக் குரலில் தெலுங்கிலேயே சொன்னார். வீட்டுப் பாத்தியில் எடுத்தது, கிணற்றுத் தண்ணீர்தான், அந்தத் தண்ணீரில் விளைந்ததை நாம் எப்போது தின்றோம், பயப்படாமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். கரிசல்காட்டில் எத்தனையோ ஊர்களில் தெலுங்குதான் வீட்டுப் பேச்சு. எங்கள் வீட்டில் இல்லை. ஆனால் அப்பா பிறந்து வளர்ந்த தெருவில் அவர்தான் தமிழ் பேசுகிற ஒரே வீட்டுப் பிள்ளை.

அப்பா தலையைத் தூக்கினார்.

"மரி ஆ நீள்ளதி எவரிகி?" என்றார்.

அப்படியானால் அந்தத் தண்ணீரில் விளைந்தது யாருக்கு என்று அர்த்தம். அவர் தெலுங்கு கொஞ்சம் பழைய ராகத்தில் இருந்தது. ஒரு சொல் பிசகவில்லை. திம்மராயப்பா இடுப்புத் துண்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார். முனிராஜ் என்னைப் பார்த்தான். இதை நீயும் சொல்லவில்லையே என்பது அந்தப் பார்வை. உண்மைதான், சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"சந்தைக்குங்க" என்றார் திம்மராயப்பா கடைசியில். "எல்லாரும் அதுதாங்க பண்றாங்க. கால்வாய்த் தண்ணி விட்டா வேற என்ன வழி இருக்குதுங்க எங்களுக்கு?"

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பழக்கம். மெதுவாகப் பேசினார். "நான் சாப்பாட்டுக் கடை வச்சிருக்கேன். தெரியும்லா? என் இலையில தினமும் ஓசூர்க் கோஸ்தான். டிரைவர், கண்டக்டர், ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க, எல்லாருக்கும் என் கையால வச்சிருக்கேன்." பொரியலை விரலால் ஓரமாகத் தள்ளினார். "எனக்கு இது வேண்டாம். அந்த வயக்காட்டுக் கோஸை அறுத்து ஆக்கிப் போடுங்க. சாப்பிடுதேன். சம்பந்தமும் அதோட முடிஞ்சது."

திம்மராயப்பா கணக்குப் போட்டார். சாப்பிடுகிறேன் என்கிறார், கல்யாணம் முடிகிறது. ஒரு கோஸ், ஒரு வேளை. மனைவியைப் பார்த்து, போய் அறுத்துக்கொண்டு வா என்று கண்ணைக் காட்டினார்.

கௌரம்மா அசையவில்லை. "நேனு செய்யனு" என்றார். நான் செய்ய மாட்டேன் என்று. பிறகு அப்பா பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "சம்பந்தம் இல்லன்னாலும் செரிங்கணா. அதை ஆக்கி உங்க எலையில நான் வைக்க மாட்டேன். அது வயித்துக்கு ஆகாது."

"ஏய், சும்மா இரு" என்றார் திம்மராயப்பா.

"சும்மா இருந்துதான் இத்தினி வருசம் லாரி ஏத்தினோம்."

அந்த வீட்டில் அந்த வார்த்தை அன்றுதான் முதல்முறையாக வாய்விட்டுச் சொல்லப்பட்டது என்று பிறகு முனிராஜ் சொன்னான். அப்பா இலையைத் தொடாமல் எழுந்தார். கௌரம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். என்னிடம், "கிளம்பு தாயி" என்றார்.

வாசல் வரை போனவர், பின்னாலேயே வந்த திம்மராயப்பாவிடம் நின்று கேட்டார். "அந்தத் தண்ணிக்கு வேற என்னதான் வெளையும்?"

"ரோசு, சாமந்தி வருங்க. பூவுக்கு ஒண்ணும் ஆகறதில்ல. ஆனா பூ விலை நிக்காதுங்க, இன்னைக்கு ஏறும், நாளைக்குக் கொட்டணும்."

"பூவ யாரும் திங்கமாட்டாங்கள்லா. அதப் போட்டுட்டுச் சொல்லுங்க. வந்து கை நனைக்கேன்."

சாமந்தி

பெட்டியோடு ஊருக்குப் போனேன். பஸ்ஸில் அவரோடு பேசவில்லை, ஒரு வாரம் பேசவில்லை. என் வாழ்க்கையை ஒரு முட்டைகோஸில் கொண்டுபோய் முடிச்சுப் போட்டுவிட்டாரே என்று அத்தனை கோபம். அவர் சமாதானம் செய்யவும் வரவில்லை. கடையில் கோஸை நிறுத்திவிட்டார். மார்க்கெட்காரர் இது ஊட்டிச் சரக்கு என்று சத்தியம் செய்தார். "இருக்கும். எனக்குத் தட்டிப் பார்த்தாத் தெரியமாட்டேங்கே" என்று சொல்லிவிட்டுப் பூசணிக்காயை வாங்கிவந்தார். ஒரு நாள் பூசணிக்காயை நறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "அந்த அம்மா கிட்ட நீ இருக்கலாம். அந்தத் தண்ணி கிட்டத்தான் எப்படின்னு தெரியல."

முனிராஜ் போனில் சொன்னதெல்லாம் நல்ல செய்தி இல்லை. நின்ற கோஸை அவன் அப்பா அறுத்து லாரி ஏற்றிவிட்டார். அறுப்புக்கு வயலில் இறங்க மாட்டேன் என்று அம்மா வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டார். இருவருக்கும் பேச்சு இல்லை. அடுத்த நாற்றும் கோஸ்தான் என்று ஒரு நாள் வந்தது. அன்று நான் சாப்பிடவில்லை. பிறகு ரொம்ப நாள் ஒரு செய்தியும் இல்லை. அக்கா வீட்டில் வேறு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஒரு நாள் காலை, கடையில் கூட்டமான நேரம், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. "கௌரம்மா பேசறம்மா. கோஸ் நாத்த நான் நட விடல. அப்பாவ வரச் சொல்லு. சாமந்தி பூத்துருச்சு."

இந்த முறை எல்லையில் எந்தத் தகராறும் இல்லை, நல்ல ரோடு காலியாகக் கிடந்தது. அப்பா, "பாலம் வழியா போ" என்றார் முனிராஜிடம். நுரை அன்றும் இருந்தது, கொஞ்சம் தணிந்து, இடுப்பளவுக்கு. காரை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தார். எத்தனை முறை பார்த்தாலும் நம்ப முடியவில்லை என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

வீட்டுக்குப் பின்னால் கால்வாய் வரைக்கும் மஞ்சள். இலை போட்டுத் தண்ணீர் தெளித்ததைத் திம்மராயப்பாவே செய்தார். அதே களி, அதே கீரை, கிணற்றடிப் பாத்தியில் எடுத்த கோஸ் பொரியல். அப்பா கை நனைத்தார். பாதிச் சாப்பாட்டில் பக்கத்து வயலில் லாரி வந்து நின்ற சத்தம் கேட்டது, கோஸ் லோடு. எல்லோர் கையும் ஒரு நிமிஷம் நின்றது. அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு, மறுபடியும் குனிந்து சாப்பிட்டார்.

கை கழுவிவிட்டு வந்து, சாப்பாட்டுக் கடைக்காரராகத் துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னார். "பொரியல்ல உப்பு ஒரு கல்லு கம்மி."

"அடுத்த வாட்டி போட்டுடறங்கணா" என்றார் கௌரம்மா.

அடுத்த வாட்டி என்று அவர் சொன்னதைக் கேட்டதும் நான் அடுப்படிக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன்.